மறைந்த தோழருக்கு நாம் பட்ட கடன்

ஒருவர் இறந்துவிட்டால் அவர் விட்டுச் சென்ற பொருளில் மனைவிக்கு எவ்வளவு, மக்களுக்கு எவ்வளவு, பெற்றோருக்கு எவ்வளவு என்பதைத் திருமறையின் நிஸா அத்தியாயம் கணக்கிட்டே கூறிவிடுகிறது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும் என்பதைப் பகரா அத்தியாயம் வரையறுக்கிறது. ஏனைய உறவினருக்காகத் துக்கம் கொண்டாடுவது மூன்று நாளைத் தாண்டலாகாது என்பதை நபிமொழியால் அறிகிறோம். ஆனால் நண்பனுக்கு? அவனுக்குச் சொத்தில் பங்கில்லை, இத்தா இல்லை, துக்கம் விசாரிக்க வருவோரும் அவனிடம் வருவதில்லை. மையித்து எடுக்கும் வீட்டில் மகனுடைய கையையும் சகோதரனுடைய கையையும் பற்றி ஆறுதல் கூறுகிறவர்கள், திண்ணையின் ஓரத்தில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் தோழனைக் கடந்து போய்விடுகிறார்கள். நாற்பது ஆண்டுகள் கூடவே இருந்தவன் அவன். அவனுடைய துக்கத்திற்கு ஊர் வழக்கத்தில் ஓர் இடமில்லை.

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில், குறிப்பாகப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில், இது சிறிய செய்தியன்று. மீன்பிடித் தொழில் தனி ஒருவன் செய்யும் தொழிலன்று. ஒருவன் படகைச் செலுத்த வேண்டும், மற்றவன் வலையை விட வேண்டும். இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை விடலாம் என்று முறை வகுத்துக்கொள்ளும் 'பாடு' என்னும் ஏற்பாடு அந்த ஏரியில் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. உப்பு நீரில் ஒருவன் உயிரை மற்றவன் கையில் ஒப்படைத்து வளரும் நட்பு அது. கரையிலும் அப்படியே. மீனை வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வணிகரும் மீன்பிடிப்பவரும் தந்தை, பாட்டன் காலத்திலிருந்தே ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

அந்த நீர் உணவும் தருகிறது, உயிரையும் வாங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் விட்டுவைக்கவில்லை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். இத்தகைய நாள்களில் முதலில் நீரில் குதித்துத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் உடன் தொழில் செய்கிறவர்களே.

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுடைய நன்மையைப் பெறுவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரி ஷரீபில் வந்துள்ளது. இறந்தவருடைய வீட்டாருக்கு இதை எடுத்துச் சொல்லுகிறோம். அவர்கள் நெஞ்சும் சற்றே அடங்குகிறது. உடன் சென்று உயிரோடு திரும்பியவனிடம் யார் சொல்லுகிறார்கள்? "நான் மட்டும் கரை சேர்ந்தேனே, அவன் கையை விட்டுவிட்டேனே" என்று இரவெல்லாம் கண் விழித்திருப்பவன் அவன். ஒவ்வோர் உயிருக்கும் ஒரு தவணை உண்டு, அது ஒரு நாழிகை முந்துவதும் இல்லை, பிந்துவதும் இல்லை என்னும் கொள்கை எவருக்கும் மேலாக அவனுக்கே மருந்தாகும். கத்ரைப் பற்றிய ஈமான் இங்கேதான் தன் முழுப் பயனையும் தருகிறது. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்: கொள்ளளவுக்கு மேல் ஆளை ஏற்றிக் கூலி வாங்கியவன் கத்ரின் பின்னால் ஒளிந்துகொள்ள மார்க்கத்தில் வழியில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி அறிவுறுத்திய மார்க்கம் இது.

இனி, அழுகையைப் பற்றி. நம்முடைய ஜமாஅத்துகளில் இரு சாரார் இருக்கிறார்கள். மாரடித்து ஓலமிட்டால்தான் பாசம் என்று எண்ணுவோர் ஒரு சாரார். கண்ணில் நீர் வந்தாலே ஈமான் குறைந்தது போலப் பேசுவோர் மற்றொரு சாரார். முன்னவரைத் திருத்தும் பயான்கள் நிறைய உண்டு. பின்னவரை எவரும் திருத்துவதாகத் தெரியவில்லை. அவர்களால் விளையும் தீங்கு அதிகம் என்பதே என் கருத்து. ஓலமிடுபவன் மூன்றாம் நாளில் களைத்து ஓய்ந்துவிடுவான். அழாதே என்று அதட்டப்பட்டவனோ ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் வெந்து, தொழுகைக்கு வருவதையே நிறுத்திவிடுவதும் உண்டு.

உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) என்பவர் நாயகத்தின் நெருங்கிய தோழர். பால்குடிச் சகோதரர் என்றும் கூறுவர். மக்காவின் கொடுமைகளைச் சகித்தவர். அபிசீனியாவுக்கும் மதீனாவுக்கும் ஹிஜ்ரத் செய்தவர். மதீனா வந்த முஹாஜிர்களுள் முதன்முதலில் வபாத்தானவர் அவரே. கபன் இடப்பட்டுக் கிடந்த அவரிடம் பெருமானார் வந்தார்கள்; குனிந்து முத்தமிட்டார்கள்; அவர்களுடைய கண்ணீர் வழிந்தது. திர்மிதீயிலும் அபூதாவூதிலும் காணப்படும் செய்தி இது. நண்பனுக்காக ஓர் ஆண்மகன் அழலாமா என்று கேட்பவருக்கு இதைவிட வேறு விடை வேண்டுவதில்லை.

அடக்கம் முடிந்த பின்னர் நிகழ்ந்தது இன்னும் நெகிழ்ச்சியூட்டுவது. ஒரு கல்லைக் கொண்டுவருமாறு ஒருவரிடம் நாயகம் அவர்கள் பணித்தார்கள். கல் பெரியது, அவரால் தூக்க இயலவில்லை. உடனே தாமே எழுந்து சென்று, கைச் சட்டையை மேலே சுருட்டிவிட்டு, அக்கல்லைச் சுமந்து வந்து உஸ்மானுடைய தலைமாட்டில் வைத்தார்கள். தம்முடைய சகோதரரின் கபுரை அடையாளம் கண்டுகொள்ளவும், தம் குடும்பத்தில் இறப்போரை அவருக்கு அருகே அடக்கவுமே அவ்வாறு செய்ததாகக் காரணமும் கூறினார்கள். முழங்கைக்கு மேல் ஆடை சுருட்டப்பட்டபோது தெரிந்த வெண்மையைக்கூடக் கண்டவர் நினைவில் வைத்து அறிவித்திருக்கிறார். பெயர் பொறிக்காத ஒரு கல். ஆனால் அதைச் சுமந்தவர் யார் என்பதைப் பாருங்கள்.

பழவேற்காட்டுக்குச் சென்றவர்கள் அங்குள்ள டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைக் கண்டிருப்பார்கள். 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பி, 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை முழுவதையும் டச்சுக் கம்பெனி அங்கிருந்துதான் நிருவகித்தது. கல்லறை வாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே பெயரும் ஆண்டும் குலச்சின்னமும் வெகு நேர்த்தியாகப் பொறிக்கப்பட்ட கற்கள். இன்று அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அந்தப் பெயர்களைப் படித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்களை எண்ணிக் கண்கலங்குவோர் உண்டா? அதே நூற்றாண்டில் அதே துறையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டுப் படேவியாவுக்கு அனுப்பப்பட்ட ஏழைகளும் பலர். அவர்களுக்கு ஒரு கல்லும் இல்லை. கல்லினால் மட்டும் நினைவு நிலைப்பதாயின் நீதி எங்கே இருக்கிறது? இந்த ஊரின் பழைய முஸ்லிம் குடும்பங்களோ அரபு நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்த தம் முன்னோரைப் பற்றி இன்றும் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லியே நிலைத்த நினைவு அது.

மீண்டும் உஸ்மான் (ரலி) அவர்களிடம் வருவோம். மதீனாவில் அவரைத் தம் வீட்டில் வைத்து நோயில் பணிவிடை செய்தவர் உம்முல் அலா என்னும் அன்சாரிப் பெண்மணி. அவர் இறந்ததும் அன்பின் மிகுதியால், அல்லாஹ் உம்மைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று சான்று கூறினார் அந்த அம்மையார். அது உமக்கு எப்படித் தெரியும் என்று நாயகம் அவர்கள் தடுத்துக் கேட்டார்கள். நல்லதையே தாமும் ஆதரவு வைப்பதாக மட்டும் கூறினார்கள். இந்த ஓர் இடத்தில் நம்முடைய இரங்கல் கூட்டங்களும் சுவரொட்டிகளும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன! இறந்த மறுநாளே அவரைச் சுவனத்தில் குடியேற்றிப் படத்தோடு பதாகை கட்டிவிடுகிறோம். உயிரோடு இருந்தபோது அவருடைய பிழையைச் சுட்டிக் காட்டாத நட்பு, இறந்தபின் அவருக்கு இல்லாத சிறப்பையெல்லாம் ஏற்றிச் சொல்லுகிறது. இறந்தவரைத் திட்டாதீர்கள் என்பது கட்டளை. இறந்தவரைப் பற்றிப் புனைந்துரையுங்கள் என்பது கட்டளையன்று. உம்முல் அலா அதற்குப் பின் ஒரு கனவு கண்டார்கள். உஸ்மானுக்காக ஓர் ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. அது அவருடைய அமல் என்று நாயகம் அவர்கள் விளக்கம் தந்தார்கள். அந்தத் தாயின் துக்கத்துக்குக் கிடைத்த ஆறுதல் அது.

இப்போது கடினமான செய்திக்கு வருவோம். அது பணத்தைப் பற்றியது.

மீன்பிடிக் கரைகளில் முன்பணம் கொடுக்காமல் தொழில் நடப்பதில்லை. வலைக்கும் படகுக்கும் இயந்திரத்துக்கும் வணிகர் பணம் தருவார். பிடித்த மீன் அவருக்கே போகும். கணக்கு ஆண்டுக்கணக்கில் தீராமல் ஓடும். ஆகவே இறந்தவனுடைய உயிர்த் தோழரும் அவனுக்குக் கடன் கொடுத்தவரும் பல சமயங்களில் ஒருவரே. சந்தூக்கைத் தோளில் சுமந்தவரும் அவரே; சில நாள்கள் கழித்துக் கணக்குப் புத்தகத்தோடு வருகிறவரும் அவரே. வருவது ஹராம் என்று எவரும் சொல்லவில்லை. கடன் கடனே, சொத்தைப் பங்கிடுவதற்கு முன் அதைத் தீர்த்தாக வேண்டும் என்பது சட்டம். எனினும் நட்புக்குச் சோதனை ஜனாஸாவன்று வருவதில்லை. அந்தப் புத்தகத்தைத் திறக்கும் நாளில்தான் வருகிறது.

ஓர் அன்சாரித் தோழருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டது. கடன் உண்டா என்று நாயகம் அவர்கள் கேட்டார்கள். இரண்டு தீனார் என்றார்கள். மூன்று என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுவித்துக்கொள்ளுங்கள் என்று விலகி நின்றார்கள் நாயகம். அபூ கதாதா (ரலி) முன்வந்து, அக்கடன் என் பொறுப்பு என்றார். அதன் பின்னரே தொழுகை நடந்தது. ஒரு நாள் சென்றதும், அந்த இரண்டு தீனார் என்னவாயிற்று என்று நாயகம் கேட்டார்கள். அவர் நேற்றுத்தானே இறந்தார் என்றார் அபூ கதாதா. மறுநாள் வந்து, தீர்த்துவிட்டேன் என்று அறிவித்தபோது, இப்பொழுதுதான் அவருடைய தோலுக்குக் குளிர்ச்சி கிடைத்தது என்னும் கருத்துப்பட நாயகம் மொழிந்ததாக இமாம் அஹ்மது பதிவு செய்துள்ளார்கள்.

இரண்டு தீனார் பெரும் செல்வமன்று. நண்பர் ஒருவர் மறைந்தால் ஊரிலுள்ள பத்துத் தோழர்கள் கூடி உட்கார்ந்து, அவருக்கு எங்கெங்கே கடன் இருக்கிறது, எதை யார் ஏற்பது என்று முதல் வாரத்திலேயே பேசுவதில் என்ன தடை? கடன் கொடுத்தவரே நண்பராயின் அவருக்குத் திருமறை ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: நெருக்கடியில் இருப்பவனுக்குத் தவணை கொடுக்கவும், தருமமாக விட்டுவிடுவது அதனினும் மேல் என்பதை உணரவும் அது சொல்லுகிறது. வணிகர் ஒருவர் தம் புத்தகத்தில் ஒரு வரியை அடித்துவிடுவது, தோழருடைய பெயரால் செய்யும் சதகாக்களில் தலைசிறந்தது என்று துணிந்து சொல்லலாம்.

நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது. ஜஅபர் (ரலி) அவர்கள் மூத்தா போரில் ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் ஷஹீதான செய்தி எட்டியபோது, ஜஅபர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்புங்கள், அவர்களுக்குத் தலைக்கு மேல் துன்பம் வந்திருக்கிறது என்று பெருமானார் பணித்தார்கள். அண்டை வீட்டார் சமைத்து இழவு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாமோ இழவு வீட்டில் அண்டா ஏற்றச் செய்து, தேக்சா தேக்சாவாகப் பிரியாணி ஆக்கி, ஊரைக் கூட்டி உண்டுவிட்டு வருகிறோம். பாத்திஹா ஓதலாமா கூடாதா, நாற்பதாம் நாள் உண்டா இல்லையா என்ற வாதத்தில் இறங்க எனக்கு விருப்பமில்லை. அதைப் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்த மத்ஹபிலும், எந்த அமைப்பிலும், யதீமின் பங்கிலிருந்து எடுத்து ஊருக்கு விருந்து வைக்கலாம் என்று எவரும் சொல்லவில்லை. இறந்தவர் கடனோடு இறந்து, அவர் பெயரால் மேலும் கடன் வாங்கி விருந்து நடக்கிறதென்றால், அங்கே போய் அமர்ந்து சாப்பிடாமல் இருப்பதும் நட்பின் கடமைகளுள் ஒன்று. தோழர்கள் பேசினால் அந்த வீட்டார் கேட்பார்கள்; உறவினர் பேசினால் கஞ்சத்தனம் என்பார்கள்.

மாற்று மத நண்பர் இறந்தால் என்ன செய்வது என்று நம்மவரிடையே ஒரு தயக்கம் காணப்படுகிறது. ஏரிக்கரைக் குப்பங்களில் நம்மோடு தொழில் செய்பவர்களுள் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமே ஆவர். ஆகையால் இது ஏட்டுக் கேள்வியன்று. யூதர் ஒருவருடைய பாடை கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது என்று சுட்டிக் காட்டப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று வினவினார்கள். புகாரியில் உள்ளது. அவர்களுடைய வழிபாட்டுச் சடங்குகளில் நாம் கலந்துகொள்வதில்லை என்பது அவர்களுக்கே தெரியும். அதற்காக எவரும் வருந்துவதில்லை. வீட்டுக்குப் போய் வாசலில் நிற்பதும், பிள்ளைகளின் தலையைத் தொட்டு ஆறுதல் சொல்லுவதும், கணக்கை மென்மையாக முடிப்பதும் எந்த மார்க்கத் தடைக்கும் உட்பட்டவையல்ல. முப்பது ஆண்டு மீன் கொடுத்தவருடைய வீட்டுக்கு அன்று போகாதிருப்பதைத்தான் எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

ஆறுதல் சொல்லும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசியில் 'இன்னா லில்லாஹி' என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. தொலைவில் இருப்பவருக்கு அதுவும் போதும். அடுத்த தெருவில் இருப்பவருக்குப் போதாது. நேரில் வருகிறவர்களிலும் சிலர் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். கபுருக்கு அருகே அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை நாயகம் அவர்கள் கண்டு, பொறுமை கொள்ளும்படி ஒரு சொல் சொன்னார்கள். யாரென்று அறியாத அப்பெண், என் துன்பம் உமக்கு நேரவில்லை என்று வெடுக்கென்று பதில் சொல்லி அகற்றினாள். நாயகம் அவர்கள் வாதாடவில்லை, அகன்று சென்றார்கள். அவளே தேடி வந்த பிறகுதான், முதல் அதிர்ச்சியின் போது கொள்வதே பொறுமை என்னும் பாடத்தைச் சொன்னார்கள். பாடத்தை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லுகிறோம். அகன்று சென்றதை மறந்துவிடுகிறோம்.

இந்தத் துக்கம் எப்போது தீரும் என்று கேட்கிறார்கள். தீர வேண்டும் என்று எவர் சொன்னார்? கதீஜா நாயகி (ரலி) அவர்கள் மறைந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னும், ஆடு அறுத்தால் அதில் ஒரு பங்கை எடுத்துக் கதீஜாவின் தோழிகளுக்கு அனுப்பி வைப்பது நாயகத்தின் வழக்கமாயிருந்தது. ஒரு நாள் வாசலில் ஹாலாவின் குரல் கேட்டது. அவர் கதீஜாவின் சகோதரி. இருவர் குரலும் ஒத்திருக்கும். அக்குரலைக் கேட்டதும் நாயகம் அவர்கள் திடுக்குற்று, யா அல்லாஹ், அது ஹாலாவாக இருக்கட்டும் என்று பரபரத்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் இதைத் தம் பொறாமையையும் மறைக்காமல் நமக்கு அறிவித்துத் தந்திருக்கிறார்கள்.

அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) மக்காவுக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்தார்கள். தாம் ஏறி வந்த கழுதையை அவருக்குக் கொடுத்தார்கள். தலைப்பாகையையும் அவிழ்த்துக் கொடுத்தார்கள். உடன் வந்தவர்கள், இவர்களெல்லாம் சிறிது கொடுத்தாலே மகிழ்பவர்கள் ஆயிற்றே என்றனர். இவருடைய தந்தை என் தந்தை உமருக்கு நண்பர் என்றார்கள் இப்னு உமர். தந்தையின் நண்பருடைய மகன்! அத்தனை தூரம் கணக்கு நீளுகிறது. நம் தோழர் விட்டுச் சென்ற மகன் பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹிஜ்ரி 11-ஆம் ஆண்டில் நாயகம் (ஸல்) அவர்கள் வபாத்தான அன்று, உமர் (ரலி) போன்ற மலை அசைந்தது. அவர்கள் இறக்கவில்லை என்றே வாதிட்டது. அபூபக்கர் (ரலி) உள்ளே சென்றார்கள், போர்வையை விலக்கினார்கள், குனிந்து முத்தமிட்டு அழுதார்கள். பிறகு வெளியே வந்து, மக்கள் முன் நின்று, தெளிவான குரலில் உண்மையைச் சொன்னார்கள். அழுதவரும் உறுதியாக நின்றவரும் ஒருவரே. இரண்டுக்கும் இடையில் கழிந்தது சிறிது நேரமே. குகைத் தோழரால் முடிந்தது அது.

பிலால் (ரலி) அவர்களால் முடியவில்லை. மதீனாவில் பாங்கு சொல்ல நின்றால், முஹம்மது என்னும் திருப்பெயர் வரும் இடத்தில் அவர்களுடைய குரல் உடைந்துவிடும் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். பாங்கு சொல்லுவதை விட்டுவிட்டு ஷாம் நாட்டுக்குச் சென்றுவிட்டார்கள். அபூபக்கரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அதன் பின் உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக ஷாமுக்கு வந்தபோது, தோழர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஒரு முறை பாங்கு சொன்னார்கள் பிலால். அன்று அழாதவர் எவரும் இல்லை. எல்லாரிலும் அதிகமாக அழுதவர் உமர். நாயகம் மறைந்து அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன.